பழவேற்காட்டுக் குப்பங்கள் கிராமமா, நகரமா?

பழவேற்காடு ஏரியில் விடியற்காலையில் வலை இழுத்துவிட்டுக் கரையேறும் மீனவரை நிறுத்தி, "உங்கள் ஊர் கிராமமா, நகரமா?" என்று கேட்டால், கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார். படகும் வலையும் மீன் காயும் மணலும் கண்ணெதிரே கிடக்கும்போது இதென்ன கேள்வி என்றுதான் அவருக்குத் தோன்றும். ஆனால் இக்கேள்விக்குச் சட்டம் தரும் விடையைப் பொறுத்தே அவர் கட்டும் வீட்டு வரியும், அவர் மனைவிக்குக் கிடைக்கும் வேலை நாட்களும், அவர் படகு நிறுத்தும் கரைக்கு எவ்வளவு அருகில் பிறர் கட்டிடம் எழுப்பலாம் என்பதும் அமைகின்றன. ஏரிக்கு மேற்கே நெல் பயிரிடும் சிறு விவசாயிக்கும் இதில் பங்கு உண்டு. அவர் நிலத்தை விற்கும் நாளில் வரி உண்டா, இல்லையா என்பதும் இதே கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

பழவேற்காடு ஒரு காலத்தில் பெரிய நகரமாகவே இருந்தது. டச்சுக்காரர்கள் 1610-ஆம் ஆண்டு வாக்கில் இங்கு கால் ஊன்றி, 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் நாகப்பட்டினத்துக்குத் தலைமையிடத்தை மாற்றும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களது வாணிபம் முழுவதும் இங்கிருந்தே நடந்தது. இங்கிருந்து சென்ற துணி கீழ்த்திசைத் தீவுகளில் எல்லாம் விலைபோயிற்று. அதே பழவேற்காடு 2019 டிசம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் மீஞ்சூர் ஒன்றியத்தைச் சேர்ந்த சிற்றூராட்சியாக வாக்களித்தது. நானூறு ஆண்டுக்கு முன் நகரம், இப்போது கிராமம். ஊர் என்னவோ அதே இடத்தில்தான் இருக்கிறது.

இப்போது நகரம் தெற்கிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் செயல்படத் தொடங்கியது. பின்னர் காட்டுப்பள்ளியிலும் ஒரு துறைமுகம் எழுந்தது. 2011-இல் சென்னை மாநகராட்சி 42 உள்ளாட்சி அமைப்புகளைத் தன்னுள் சேர்த்துக்கொண்டபோது, எண்ணூர்க் குப்பங்கள் அடங்கிய கத்திவாக்கம் நகராட்சியும் அதில் சேர்ந்தது. 2021-இல் பொன்னேரி பேரூராட்சி நகராட்சியாக உயர்ந்தது. 2024-ஆம் ஆண்டு இறுதியிலும் 2025 தொடக்கத்திலும் தமிழகமெங்கும் பல ஊராட்சிகளை நகர அமைப்புகளோடு இணைப்பது பற்றி அரசு அறிவித்தபோது, பல மாவட்டங்களில் கிராம மக்கள் கலெக்டர் அலுவலகத்துக்கு மனுவுடன் சென்றார்கள். ஏரிக்கரைக் குப்பங்களுக்கு இக்கேள்வி இனி தூரத்தில் இல்லை.

ஆளுக்கொரு விடை

ஓர் ஊர் நகரமா என்று மக்கள் தொகைக் கணக்கெடுப்புத் துறையைக் கேட்டால் ஒரு விடை கிடைக்கும். உள்ளாட்சித் துறையைக் கேட்டால் வேறொரு விடை கிடைக்கும். கடற்கரை ஒழுங்குமுறை அதிகாரிகளிடம் மூன்றாவது விடை ஒன்று இருக்கிறது. இம்மூன்றையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவோர் பலர்.

கணக்கெடுப்புத் துறையின் விதி எளிது. மக்கள் தொகை 5,000-க்குக் குறையக் கூடாது. சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வசிக்க வேண்டும். முக்கியத் தொழிலாளரான ஆண்களில் நூற்றுக்கு 75 பேராவது விவசாயம் அல்லாத தொழிலில் இருக்க வேண்டும். இம்மூன்றும் பொருந்தினால், ஊராட்சியாக இருந்தாலும் அது 'கணக்கெடுப்பு நகரம்' ஆகிவிடும். 2011-இல் தமிழ்நாட்டின் 1,097 நகரங்களில் 376 இவ்வகையைச் சேர்ந்தவை. புள்ளிவிவரப் புத்தகத்தில் இவை நகரம். நிர்வாகத்திலோ ஊராட்சித் தலைவரும் கிராம சபையும் உள்ள கிராமம். இந்தப் பெயர் மாற்றத்தால் மட்டும் ஒருவருக்கும் வரி உயராது, வேலைத் திட்டமும் போகாது. இதற்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை.

உண்மையான மாற்றம் அரசின் அறிவிக்கையால் வருவது. அரசியல் சட்டத்தின் 243-க்யூ பிரிவின்படி, மக்கள் தொகை, நெருக்கம், உள்ளாட்சியின் வருமானம், விவசாயம் அல்லாத தொழிலில் உள்ளோர் விகிதம், பொருளாதார முக்கியத்துவம் முதலியவற்றைக் கருதி ஆளுநர் ஓர் இடத்தை நகரப் பகுதி என்று அறிவிக்கலாம். எத்தனை பேர், எவ்வளவு விகிதம் என்று அரசியல் சட்டம் எண் எதுவும் சொல்லவில்லை. ஆகவே முடிவு பெரும்பாலும் அரசின் எண்ணத்தைப் பொறுத்தது. 2004-இல் தமிழகத்தில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் மத்திய அரசின் கிராமப்புற நிதியைப் பெறும் நோக்கத்துடன் 'சிறப்புச் சிற்றூராட்சி' என்று மாற்றப்பட்டன. 2006-இல் அவை மறுபடியும் பேரூராட்சிகள் ஆயின. அந்த இரண்டு ஆண்டுகளில் அவ்வூர்களின் கடைத்தெரு குறையவும் இல்லை, வயல் கூடவும் இல்லை.

மீன் பிடிப்பது விவசாயமா?

குப்பங்களைப் பொறுத்தவரை முக்கியமான செய்தி ஒன்று கணக்கெடுப்புத் துறையின் பழைய ஏடுகளில் இருக்கிறது. 1961, 1971 ஆகிய கணக்கெடுப்புகளில் மீன்பிடித்தல், கால்நடை வளர்ப்பு, தோட்டப்பயிர் முதலிய தொழில்களை 'விவசாயம் அல்லாதவை' என்று சேர்த்தே நகரத்தைத் தீர்மானித்தார்கள். 1981-இல் இது மாற்றப்பட்டது. மீனவரும் ஆடு மாடு வளர்ப்பவரும் இதற்காக உழவரோடும் விவசாயக் கூலியோடும் ஒரே தட்டில் வைக்கப்பட்டார்கள்.

ஒரு குப்பத்தை எடுத்துக்கொள்வோம். ஜனத்தொகை ஆறாயிரம். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே குறுகிய மணல்திட்டில் வீடுகள் நெருங்கி இருக்கின்றன. ஆதலால் மக்கள் நெருக்கம் 400-ஐ எளிதில் தாண்டிவிடும். வேலை செய்யும் ஆண்கள் நூறு பேரில் தொண்ணூறு பேர் மீன் பிடிக்கிறார்கள். 1971-ஆம் ஆண்டின் விதிப்படி இது நகரம். 1981-ஆம் ஆண்டின் விதிப்படி இதே குப்பம் கிராமம். ஆளும் வலையும் அப்படியே இருக்க, எழுதுபவர் கையில் இருந்த விதி மட்டும் மாறிற்று.

1981-இல் எடுத்த முடிவே சரியானது. மீனவரும் விவசாயியைப் போலவே பருவத்தையும் நீரையும் நம்பியிருப்பவர். மழை பொய்த்து ஆரணியாற்றில் நீர் வராவிட்டால் ஏரியில் உப்பு ஏறுகிறது. முகத்துவாரம் மணல் மூடினால் கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வருவதில்லை. நெல் விவசாயிக்கு வாய்க்கால் தூர்ந்தால் என்ன கதியோ, அதே கதிதான் இவருக்கும். விளைபொருளை அன்றன்றே விற்றாக வேண்டிய நெருக்கடியிலும் இருவரும் ஒன்றே. கடன் விஷயத்தில் அரசு இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. உழவருக்கு வழங்கிய கிசான் கடன் அட்டை 2018-19 முதல் மீனவருக்கும் நீட்டிக்கப்பட்டது. ஆனால் ஊரின் தகுதியைத் தீர்மானிக்கும் 243-க்யூ பிரிவில் 'விவசாயம் அல்லாத தொழில்' என்ற சொல் விளக்கம் எதுவுமின்றி நிற்கிறது. மீன்பிடிப்பு எந்தப் பக்கம் என்று அங்கு எழுதப்படவில்லை. எழுதப்பட வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏரியில் மீன் குறையக் குறைய, இளைஞர்கள் மீஞ்சூர், எண்ணூர், மணலி பக்கம் கம்பெனிகளில் காண்டிராக்ட் வேலைக்குப் போகிறார்கள். ஆறு மாதத்துக்கு மேல் அங்கு வேலை செய்தால் கணக்கில் அவர் 'விவசாயம் அல்லாதவர்'. அதாவது, ஏரி கெட்டால் ஊர் நகரமாகிறது! பிழைப்பு போனதைப் புள்ளிவிவரம் வளர்ச்சி என்று படித்துவிடுகிறது. வறட்சியில் நிலத்தைத் தரிசு போட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போன விவசாயியின் ஊருக்கும் இதே நிலைதான். மேலும் 75 விகிதக் கணக்கு ஆண்களை மட்டுமே பார்க்கிறது. கூடையில் மீன் சுமந்து விற்கும் பெண்களும், சேற்றில் குனிந்து கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களும் இக்கணக்கில் வருவதே இல்லை. ஊரின் பாதி உழைப்பை விட்டுவிட்டு ஊருக்குப் பெயர் வைக்கும் முறை இது.

பட்டியலில் இல்லாத மீன்

ஊராட்சி நகர அமைப்பாக மாறினால் என்ன போகும் என்று கேட்போர் அரசியல் சட்டத்தின் இரண்டு அட்டவணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். ஊராட்சிகளுக்கான பதினோராவது அட்டவணையில் 29 துறைகள். முதலாவது விவசாயம். மூன்றாவது சிறுபாசனம். நான்காவது கால்நடையும் பாலும். ஐந்தாவது மீன்வளம். நகராட்சிகளுக்கான பன்னிரண்டாவது அட்டவணையில் 18 துறைகள். சாலை, குடிநீர், பூங்கா, சுடுகாடு எல்லாம் உண்டு. மாட்டுப் பவுண்டுகூட இருக்கிறது. விவசாயமும் இல்லை, மீன்வளமும் இல்லை.

மீன்வளத்துக்குப் பதிலாக அங்கே இருக்கும் ஒரு துறை, குடிசைப் பகுதி மேம்பாடு. இது சிறு விஷயமன்று. ஊராட்சியின் கண்ணில் குப்பம் என்பது மீன்பிடி கிராமம். நகராட்சியின் கண்ணில் அதே குப்பம் குடிசைப் பகுதியாகத் தெரியத் தொடங்குகிறது. முன்னதற்குப் படகுத்துறையும் ஐஸ் வசதியும் உலர்களமும் தேவை என்று திட்டம் எழுதுவார்கள். பின்னதற்கு அடுக்குமாடி வீடு எழுதுவார்கள். மூன்றாவது மாடியில் வலையை எங்கே காய வைப்பது என்பதை அந்தத் திட்டம் எழுதியவர் யோசித்திருக்க மாட்டார்.

சென்னையில் இது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு நொச்சிக்குப்பம் சாட்சி. மீனவர் வலை விரித்த மணலை ஒட்டிச் சாலை வந்தது. சாலை வந்தபின், அதன் ஓரத்தில் மீன் விற்பது போக்குவரத்துக்கு இடையூறு என்றாயிற்று. 2023 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தானாகவே இதை வழக்காக எடுத்துக்கொள்ள, மாநகராட்சி கடைகளை அகற்ற முற்பட்டது. மீனவர்கள் மறியல் செய்தார்கள். 2024-இல் அவர்களுக்கென மீன் அங்காடி ஒன்று திறக்கப்பட்டது. அங்காடி நல்லதுதான். ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கரையில் இருந்தவர்கள் ஆக்கிரமிப்பாளர் என்று பெயர் கேட்க நேர்ந்தது, அக்கரையை நகரத் தெருவாக எண்ணியதால் வந்தது.

பழவேற்காட்டில் கரை மட்டுமல்ல, ஏரிக்குள்ளேயும் ஒழுங்கு உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் வழங்கும் 'பாடு' முறையில், எந்த இடத்தில் யார், எந்த நாள் வலை கட்டுவது என்பதை ஊரார் சீட்டுப் போட்டு முறை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். பாசன ஏரியில் முறைப்பாசனம் வைப்பதைப் போன்றதுதான் இது. பாட்டில் பங்கில்லாத பிற சமூகத்து மீனவருக்கு இதில் குறை உண்டு என்பதையும் மறுக்க முடியாது. எப்படியானாலும், பேசித் தீர்க்க ஊர் என்ற ஒன்று வேண்டும். பெரிய நகராட்சியின் வார்டாகக் குப்பம் மாறி, வார்டு எல்லை குப்பத்தின் நடுவே ஓடுமானால், எந்த ஊர்க்கூட்டம் யாரை அழைப்பது?

கரையில் எத்தனை மீட்டர்?

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளில் கிராமம், நகரம் என்ற வேற்றுமை மீட்டர் கணக்கில் அளக்கப்படுகிறது. 2019 ஜனவரியில் வந்த அறிவிக்கையின்படி, கடலோரக் கிராமப் பகுதியில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை வளர்ச்சிப் பணி தடை செய்யப்பட்ட பகுதி. அக்கிராமத்தில் 2011 கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்தால், உரிய வரைபடம் ஒப்புதல் பெற்றபின் இத்தடை 50 மீட்டராகக் குறையும். ஏற்கெனவே நகர எல்லைக்குள் இருந்து, பெரும்பகுதி கட்டிடம் நிறைந்து, வடிகாலும் சாலையும் உள்ள இடமாக இருந்தால் அது இரண்டாம் மண்டலம். அங்கு ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டிடத்துக்கோ நிலப்பக்கமாகப் புதிய கட்டிடம் எழுப்ப வழி உண்டு.

இதன் பொருள் என்ன? குப்பத்து மக்கள் நெருங்கி வாழ்வதே அவர்கள் கரையைப் பிறருக்குத் திறந்துவிடக் காரணமாகலாம். நகர எல்லையும் சேர்ந்தால் வாதம் இன்னும் வலுப்படும். 'ஏற்கெனவே' என்ற சொல்லை வைத்து வக்கீல்கள் வாதாடலாம். வழக்கு முடிவதற்குள் காம்பவுண்டுச் சுவர் எழுந்துவிடும். கரையோர மேலாண்மை வரைபடத்தில் மீன்பிடி கிராமங்களையும், படகு நிறுத்துமிடம், மீன் உலர்த்தும் இடம் போன்ற பொது இடங்களையும் குறிக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டு அறிவிக்கையே கூறியது. தங்கள் ஊர் அந்த வரைபடத்தில் எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளது என்பதை ஒவ்வொரு குப்பத்தாரும் பார்த்து வைத்திருப்பது நல்லது.

சிறு விவசாயிக்கு என்ன?

வயல் உள்ளவருக்கு முதலில் நல்ல செய்தி. பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் வருவாய்க் கிராமத்தைச் சேர்ந்தவை. ஊராட்சி பேரூராட்சி ஆனதும் அவை மறுநாளே மாறிவிடாது. பிரதமர் கிசான் உதவித் தொகையும் சாகுபடி நிலத்துக்கு உரியது, நில இருப்பிடம் நகரமா கிராமமா என்று பார்ப்பதில்லை.

போவது வேலைத் திட்டம். நூறு நாள் வேலை 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அதற்குப் பதிலாக 125 நாள் என்று வேறு சட்டம் இயற்றியது. இரண்டுமே ஊரகப் பகுதிக்கு மட்டும் உரியவை. கடலில் இறங்க முடியாத நாட்களிலும், நடவு இல்லாத மாதங்களிலும் இக்கூலியே அடுப்பெரிக்கும் வீடுகள் பல. ஊரக வீட்டு வசதித் திட்டங்களும் அப்படியே.

அடுத்தது நில விற்பனை. கிராமத்தில் உள்ள விவசாய நிலத்தை விற்றால் வரும் ஆதாயத்துக்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை. அந்நிலம் 10,000 பேருக்குக் குறையாத ஜனத்தொகை கொண்ட நகர அமைப்பின் எல்லைக்குள் இருந்தால் வரி உண்டு. எல்லைக்கு வெளியே இருந்தாலும், அந்நகரின் ஜனத்தொகை ஒரு லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர், பத்து லட்சம் வரை என்றால் 6, அதற்கும் மேல் என்றால் 8 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலம் வரிக்கு உட்படும். இத்தூரம் சாலை வழியே அன்று, நேர்க்கோட்டில் அளக்கப்படும். ஆகவே தம் ஊர் மாறாவிட்டாலும் பக்கத்து ஊர் நகராட்சியானால் விவசாயி பாதிக்கப்படலாம். விற்ற தொகையில் இரண்டு ஆண்டுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால் சலுகை கிடைக்கும். இது தெரியாமல் மகள் கல்யாணத்துக்கு நிலத்தை விற்றவர் நோட்டீஸ் வந்தபின் ஆடிட்டரைத் தேடி அலைவதில் பயனில்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பேரூராட்சி ஆனால் குப்பை வண்டியும் சாக்கடையும் தெருவிளக்கும் ஒழுங்காக வரும் என்று எதிர்பார்ப்போர் இருக்கிறார்கள். கடைத்தெருவில் சுற்றுலாப் பயணிகள் போட்டுவிட்டுப் போகும் பிளாஸ்டிக் குப்பை ஏரியில் போய்ச் சேருவதைப் பார்ப்பவர்கள் அப்படி எதிர்பார்ப்பதில் தவறில்லை. ஆனால் குடிநீரும் சுகாதாரமும் பதினோராவது அட்டவணையிலும் உள்ளன. குப்பை அள்ளுவதற்காக ஊராட்சி தன் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. பணம் வேண்டும். அதைக் கேட்கும் இடம் வேறு.

தமிழ்நாட்டில் 2022 முதல் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட்ட வகை செய்யப்பட்டது. குடியரசு தினம், மார்ச் 22, மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 ஆகியவை அந்நாட்கள். இணைப்புப் பேச்சு காதில் விழுந்ததும், குப்பத்தாரும் வயல்காரரும் ஒரே கூட்டத்தில் அமர்ந்து தீர்மானம் எழுதுவது நல்லது. 'வேண்டாம்' என்ற ஒற்றை வரித் தீர்மானத்துக்கு அலுவலகத்தில் மதிப்புக் குறைவு. எத்தனை குடும்பம் மீன்பிடிப்பில், எத்தனை குடும்பம் சாகுபடியில், எத்தனை பேர் வேலை அட்டை வைத்திருக்கிறார்கள், படகு நிற்கும் கரையின் நீளம் என்ன என்று எண்ணோடு எழுத வேண்டும். அரசிதழில் அறிவிக்கை வந்துவிட்டால், அதில் குறித்த நாட்களுக்குள் ஆட்சேப மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.

2011-க்குப் பின் அடுத்த மக்கள் தொகைக் கணக்கெடுப்பு 2027-க்கு என அறிவிக்கப்பட்டது. கணக்கெடுப்பாளர் வீட்டு வாசலில் நின்று தொழில் என்ன என்று கேட்கும்போது, ஆண்டில் பெரும்பகுதி ஏரியில் உழைப்பவர் 'கூலி' என்று சுருக்கமாகச் சொல்லிவிடாமல் 'மீன்பிடிப்பு' என்றே சொல்ல வேண்டும். மீன் விற்கும் மனைவியின் தொழிலையும், இறால் பிடிக்கும் தாயாரின் தொழிலையும் 'வீட்டு வேலை' என்று எழுத விடக் கூடாது.